பல கருவிகளும் ஒரு முடிவும்



நான் ஆசிரியப் பணியில் புகுந்து சில ஆண்டுகளே கழிந்திருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். அப்பொழுது நான் ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியன். ஆண்டுப் பரீட்சை முடிந்ததும், பாட ஆசிரியர்கள் தரும் மதிப்பெண்களைத் தேர்ச்சிப் பதிவேட்டில் எடுத்தெழுதுவது என் கடமை. என் வகுப்பு மாணவன் ஒருவன் பரீட்சைக் காலத்தில் அம்மை கண்டு படுத்துவிட்டான். உடல் தேறிய பின்னர் அவனுக்கு மட்டும் தனியே பரீட்சை வைத்தோம். மற்றவர்களுக்கு வரலாற்று வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு அமைந்திருந்தது. தனிப் பரீட்சையை நடத்திய ஆசிரியரோ, நோயிலிருந்து எழுந்த பையனை நெடுநேரம் வருத்தலாகாது என்ற இரக்கத்தால், 50 மதிப்பெண்ணுக்கே வினாக்களை அமைத்தார். பையன் 31 பெற்றான். அவர் ஒரு துண்டுத்தாளில் பையனின் பெயரையும் 31 என்னும் எண்ணையும் எழுதி என்னிடம் கொடுத்தார். நான் அதனை அப்படியே பதிவேட்டில் ஏற்றினேன். தேர்ச்சிக்கு வேண்டியது 35. பையன் தவறிவிட்டான் என்று பட்டியல் ஒட்டப்பட்டது.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. ஏதோ ஓர் ஐயம் உந்த, விடைத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் நெஞ்சு திடுக்கிட்டது. அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்றேன். தகப்பனார் அவனை அடுத்த ஊரில் ஒரு தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். பலமுறை நடந்து, மன்னிப்புக் கேட்டு, அவனை மீண்டும் வகுப்பில் உட்கார வைக்க ஒரு மாதம் ஆயிற்று.

அந்நிகழ்ச்சியில் தவறு செய்தவர் யார்? வினாத்தாள் எழுதியவர் நேர்மையாகத் திருத்தினார். நான் எண்ணைப் பிசகாமல் எடுத்தெழுதினேன். கூட்டலும் சரியாகவே இருந்தது. ஆயினும் முடிவு தவறு. அவர் தாளும் என் பதிவேடும் சந்தித்த இடத்தில், 31 என்பது எத்தனைக்கு 31 என்னும் செய்தி விழுந்து மறைந்தது. அதைக் கேட்காமல் ஏற்றுக்கொண்டவன் நான். ஆகவே பொறுப்பும் என்னுடையதே.

இச்சிறு கதையை மனத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு பெரிய வரலாற்றைக் கேளுங்கள். அணு உலை, விமானம், ராக்கெட், மின்சார ரயில் போன்றவற்றை இடர்மிகு அமைப்புகள் எனலாம். அவை பழுதுபட்டால் உயிர்ச்சேதமும் பெரும் பொருட்சேதமும் விளையக்கூடும். எனவே அவற்றைக் கட்டுவதற்கு முன்னரும் பின்னரும் 'எங்கே, எவ்வாறு பழுதுபடும்?' என்று ஆராய்வதற்காகவே பல கருவிகள் தோன்றியுள்ளன. இக்காலத்தில் அக்கருவிகள் பெரும்பாலும் மென்பொருள்களே. ஒவ்வொன்றும் தன் வேலையில் கெட்டி. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஒரே முடிவுக்கு வரச் செய்வதுதான் கடினம். அக்கடினத்தை மனிதர் எவ்வாறு உணர்ந்தனர், எவ்வாறு அதனோடு போராடி வருகின்றனர் என்பதே இன்றைய பொருள்.

முதலில் தோன்றியவை தாளில் வரையும் முறைகள். 1949இல் அமெரிக்க இராணுவத்தினர், ஓர் இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்துக்கொண்டு, 'இது கெட்டால் என்ன நேரும்?' என்று பட்டியலிடும் முறையை விதியாக வகுத்தனர். 1962ஆம் ஆண்டளவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த வாட்சன் என்பவர், மினிட்மேன் என்னும் ஏவுகணையின் ஏவுகட்டுப்பாட்டை ஆராய்வதற்காக வேறொரு முறையைக் கண்டார். நேரக் கூடாத தீங்கை உச்சியில் எழுதி, அதற்குக் காரணம் யாது, அக்காரணத்துக்குக் காரணம் யாது என்று கிளை கிளையாகக் கீழிறங்குவது அம்முறை. அதனைப் பழுது மரம் என்று வழங்கலாம். விளைவிலிருந்து காரணத்தை நோக்கிச் செல்வது அது.

1970களில் அமெரிக்க அரசாங்கம் அணு மின்நிலையங்களின் ஆபத்தை எண்களால் அளக்க விரும்பி ஒரு பெரிய ஆய்வை மேற்கொண்டது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் நார்மன் ராஸ்முசென் அதன் தலைவர். சர்ரி, பீச் பாட்டம் என்னும் இரு நிலையங்களை அக்குழுவினர் மாதிரியாகக் கொண்டனர். ஓர் உலை முழுவதற்கும் ஒரே பழுது மரம் வரைய முற்பட்டபோது, அது கைக்கு அடங்காமல் படர்ந்தது. ஆகவே அவர்கள் எதிர்த்திசையில் செல்லும் மற்றொரு மரத்தை அமைத்தனர். குழாய் வெடித்தது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் இருந்ததா? பம்பு ஓடியதா? கட்டடம் காற்றுப் புகாமல் மூடியதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரு கிளைகள். இது காரணத்திலிருந்து விளைவை நோக்கிச் செல்லும் நிகழ்ச்சி மரம். 'பம்பு ஓடாமற்போக வாய்ப்பு எவ்வளவு?' என்று நிகழ்ச்சி மரம் கேட்கும். பழுது மரம் அதற்கு விடை தரும். இருவேறு கருவிகளை ஒரே ஆய்வில் பூட்டிய பெருமுயற்சி இது. முன்வரைவு 1974இலும் இறுதி அறிக்கை 1975 அக்டோபரிலும் வெளிவந்தன.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பம்பு தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்க. அதற்குத் துணையான மற்றொரு பம்புக்கும் அவ்வாறே ஆயிரத்தில் ஒன்று என்க. இரண்டும் ஒருங்கே தவறும் வாய்ப்பு, பெருக்கிப் பார்த்தால், பத்து லட்சத்தில் ஒன்று. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் இரு பம்புகளுக்கும் மின்சாரம் தருவது ஒரே கம்பியாயின்? அக்கம்பி அறுந்தால் இரண்டும் ஒரே நொடியில் நின்றுவிடும். அப்பொழுது பெருக்கல் செல்லாது. 'இரண்டும் ஒன்றையொன்று சாராதவை' என்பது அக்கணக்கு வாய்விட்டுச் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட எடுகோள்.

இவ்வெடுகோள் எத்தகையது என்பதை அவ்விரு அறிக்கைகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே ஒரு மெழுகுவர்த்தி காட்டிக்கொடுத்தது. 1975 மார்ச் 22ஆம் நாள், அலபாமா மாநிலத்துப் பிரௌன்ஸ் ஃபெரி அணு மின்நிலையத்தில், மின்கம்பிகள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் காற்றுக் கசிகிறதா என்று தொழிலாளர்கள் மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டிச் சோதித்தனர். துளையை அடைத்திருந்த நுரைப்பொருள் தீப்பற்றியது. தீ அடங்குவதற்கு ஏறத்தாழ 7 மணி நேரமாயிற்று. 1,600க்கு மேற்பட்ட கம்பிகள் பழுதுபட்டன. முதல் உலையின் அவசரக் குளிர்விப்பு ஏற்பாடுகள் அனைத்தும் செயலிழந்தன. பணியாளர்கள் வேறு வழியில் நீர் செலுத்தி உலையைக் காத்தனர். கதிரியக்கப் பேரிடர் நேரவில்லை. காகிதத்தில் தனித்தனிக் கிளைகளாக நின்ற பாதுகாப்பு ஏற்பாடுகளின் கம்பிகள், கட்டடத்தில் அருகருகே ஒரே வழியாகச் சென்றுகொண்டிருந்தன. எந்தக் கம்பி எந்த அறை வழியே போகிறது என்னும் செய்தி கட்டட வரைபடத்தில் கிடந்தது. பழுது மரம் வேறு மேசையில் கிடந்தது. இக்காலத்தில் அணு நிலையத் தீ விபத்து ஆய்வில், கம்பிகளின் வழித்தடப் பதிவேட்டைக் கணிப்பொறியில் பழுது மரத்தோடு இணைக்கின்றனர். 'இவ்வறை எரிந்தால் எவையெவை போகும்?' என்று கேட்டால் விடை வருகிறது. அவ்விரு மேசைகளையும் நெருங்கச் செய்தது அந்த மெழுகுவர்த்தியின் படிப்பினையே.

இதற்கிடையில் இடர்மிகு அமைப்புகளுக்குள்ளேயே மென்பொருள் குடிபுகுந்துவிட்டது. இரும்பு துருப்பிடிக்கும், கம்பி தேயும், மென்பொருளோ தேய்வதில்லை. அதில் பிழை இருக்குமாயின் முதல் நாளிலிருந்தே இருக்கும். உரிய சூழ்நிலை வரும்வரை உறங்கும். எனவே அதனை ஆராயப் புதிய கருவிகள் வேண்டியிருந்தன. 1969இல் ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஒரு நிரல் தொடங்குமுன் எது மெய்யாக இருக்கவேண்டும், முடிந்தபின் எது மெய்யாக இருக்கும் என்பவற்றை எழுதி, இடைப்பட்டதைக் கணிதத் தேற்றம்போல் நிறுவும் வழியைக் காட்டினார். 1977இல் பிரான்சு நாட்டைச் சார்ந்த பாட்ரிக் கூசோ, ராதியா கூசோ தம்பதியர், நிரலை ஓட்டிப் பாராமலேயே அதிலுள்ள ஒவ்வொரு மாறியும் எந்தச் சிறும அளவுக்கும் எந்தப் பெரும அளவுக்கும் இடையே நிற்கும் என்று கணிக்கும் கோட்பாட்டை வகுத்தனர். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளார்க், எமர்சன் ஆகியோரும், பிரான்சில் கெய், சிஃபாகிஸ் ஆகியோரும், ஓர் அமைப்பு அடையக்கூடிய நிலைகள் யாவற்றையும் கணிப்பொறியே தேடிச் சோதிக்கும் முறையைத் தனித்தனியே கண்டனர். ஆக, மூன்று கருவிகள். ஒன்று நிறுவுவது, ஒன்று எல்லை கணிப்பது, ஒன்று நிலைகளைத் துருவுவது.

இவ்வளவு இருந்தும் 1996இல் ஒரு பெரும் விபத்து நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள், தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. கிளம்பும் வரிசை தொடங்கி ஏறத்தாழ 40 விநாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், அது வழிவிலகிச் சிதறியது. அது சுமந்துசென்ற நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. லியோன்ஸ் என்னும் கணித அறிஞரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, ஜூலை 19ஆம் நாளிலேயே அறிக்கை தந்தது. மாணவர்கள் பொறுமையோடு கேட்க வேண்டிய பகுதி இது.

ராக்கெட் எத்திசையில் எவ்வேகத்தில் செல்கிறது என்று உணர்த்தும் கருவி ஒன்று அதில் இருந்தது. அதன் மென்பொருள் பழைய ஏரியான் 4இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. கிடைவேகத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய எண்ணை அது 16 இருமக்கூறு கொண்ட சிறு கட்டத்தில் அடைக்க முயன்றது. அக்கட்டத்தில் 32,767க்கு மேல் அடங்காது. எண் அதனைக் கடந்தது, கருவி நின்றது. துணைக்கருவி ஒன்று இருந்தது. ஆனால் அதிலும் அதே மென்பொருள். எனவே அது சற்று முன்னரே நின்றுவிட்டிருந்தது. பிரௌன்ஸ் ஃபெரியில் இரு காப்புகள் ஒரே வழித்தடத்தில் ஓடின என்றால், இங்கே இரு காப்புகள் ஒரே நிரலில் ஓடின.

அத்தகைய ஆபத்துக்கு இடமான 7 மாறிகளைப் பொறியாளர்கள் முன்னரே கண்டறிந்திருந்தனர் என்பது வியப்புக்குரிய செய்தி. கணிப்பொறியின் சுமையைக் குறைக்கக் கருதி 4க்கு மட்டும் காப்பு வைத்து, 3ஐ விட்டனர். விட்டவை எல்லை கடவா என்று எண்ணினர். ஏரியான் 4இன் பாதைக்கு அந்த எண்ணம் மெய்யே. ஏரியான் 5 தொடக்கத்திலேயே மிகுந்த கிடைவேகம் அடையும் பாதையில் செல்வது. அப்பாதையைக் கணித்த கருவியும் இருந்தது. மாறியின் எல்லையை ஆராய்ந்தவர்களும் இருந்தனர். ஆனால் பாதையின் எண்கள் அம்மென்பொருளின் தேவைப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. முழு அமைப்பையும் தரையில் போலியாக ஓட்டிப் பார்த்த சோதனைகளிலும், மெய்யான உணர்கருவிக்கு மாறாக அதனைப்போல் நடிக்கும் மென்பொருளையே வைத்திருந்தனர். விபத்துக்குப் பின் மெய்யான பாதையின் எண்களைக் கொடுத்து ஓட்டியபோது, அந்த விபத்து தரையிலேயே மீண்டும் நிகழ்ந்தது. கருவிகள் இருந்தன, அவை ஒன்றையொன்று கேட்கவில்லை.

இவ்விபத்துக்குப் பின்னரே கூசோ தம்பதியரின் எல்லை கணிக்கும் முறை தொழிலகங்களின் கவனத்தை ஈர்த்தது. 2003இல் ஆஸ்ட்ரே என்னும் கருவி, ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் 1,32,000 வரிகளை ஆராய்ந்து, எண் எல்லை கடத்தல் முதலிய ஓட்டக்காலப் பிழைகள் அதில் இல்லை என்று நிறுவியது. மகத்தான சாதனை. ஆயினும் உணர்கருவிகளிலிருந்து வரும் எண்கள் இன்ன எல்லைக்குள் இருக்கும் என்பதை அதற்கு மனிதர் சொல்லித்தர வேண்டும். சொல்லியது தவறாயின், நிறுவலும் அத்தவற்றின் மேல் கட்டிய மாளிகைதான்.

அப்படியாயின் ஒரு கருவியின் விடையை மற்றொரு கருவிக்குக் கணிப்பொறி வழியே நேராகக் கொடுத்துவிட்டால் போதாதா? போதாது என்பதைச் செவ்வாய்க் கோள் கற்பித்தது. 1998 டிசம்பர் 11ஆம் நாள் அமெரிக்கா, செவ்வாயைச் சுற்றி அதன் தட்பவெப்பத்தை ஆராய ஒரு விண்கலத்தை அனுப்பிற்று. கலத்தின் சிறு உந்துவிசைகளைக் கணிக்கும் மென்பொருள் ஒருபுறம். அவ்விசைகளைக் கொண்டு பாதையைக் கணிக்கும் மென்பொருள் மறுபுறம். முன்னது ஒரு கோப்பை எழுதும். பின்னது அதைப் படிக்கும். முன்னது பவுண்டு-விநாடியில் எழுதியது. பின்னது அதனை நியூட்டன்-விநாடி என்று படித்தது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். ஒவ்வொரு முறையும் விசை அவ்வளவு மடங்கு குறைத்தே மதிக்கப்பட்டது. 1999 செப்டம்பர் 23ஆம் நாள், செவ்வாயின் பரப்பிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம், ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மண்டலத்துள் புகுந்து அழிந்தது. மெட்ரிக் அளவே பயன்பட வேண்டும் என்று எழுத்தில் விதி இருந்தும் இவ்வாறு நேர்ந்தது.

விசாரணைக் குழு கூறிய மற்றொரு செய்தி எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. முதல் நான்கு மாதங்கள் அக்கோப்புகளைப் பயன்படுத்தவே இயலவில்லை; அவற்றின் அமைப்பு முறையில் பிழைகள் இருந்தன. அப்பிழைகள் உடனே தெரிந்தன, திருத்தப்பட்டன. ஏனெனில் அமைப்புப் பிழை வேலையை நிறுத்திவிடும். அலகுப் பிழையோ வேலையை நிறுத்தவில்லை. கோப்பு ஒழுங்காகத் திறந்தது, எண்கள் ஒழுங்காக ஏறின. சில கணக்குகள் பொருந்தவில்லை என்று வழிநடத்துவோர் கண்டனர். ஆயினும் அது முறையாகத் துருவி ஆராயப்படவில்லை. என் பதிவேட்டில் 31 என்னும் எண் ஏறியதும் இப்படித்தான். அது 'முப்பத்தொன்று' என்று படிக்கவே இயலாதபடி எழுதப்பட்டிருந்தால், நான் கேட்டிருப்பேன். பையன் தறிக்கூடத்துக்குப் போயிருக்க மாட்டான்.

தமிழ் மாணவர்களுக்கு இதனை விளக்க ஓர் இலக்கணச் செய்தி துணை செய்யும். நம் இலக்கண ஆசிரியர்கள் எழுத்தையும் சொல்லையும் விளக்கியதோடு அமையவில்லை. சொல்லும் சொல்லும் சந்திக்கும் இடத்துக்கென்றே புணரியல்களை வகுத்தனர். பொன், குடம் என்பவை சேர்ந்தால் பொற்குடம் ஆகிறது. பொன், பெரிது என்பவை சேர்ந்தால் பொன் பெரிது என்று இயல்பாகவே நிற்கிறது. முன்னதில் வேற்றுமைப் பொருள், பின்னதில் அல்வழி. முதற்சொல் ஒன்றே, வருமொழியின் முதலெழுத்து இரண்டிடத்தும் வல்லினமே. இருப்பினும் பொருளுறவு மாறவே புணர்ச்சியும் மாறுகிறது. எழுத்தை மட்டும் பார்த்துச் சேர்ப்பவன் பிழை செய்வான். கருவிகளைச் சேர்ப்பதும் இத்தன்மையதே. கோப்பின் வடிவம் பொருந்துவது எழுத்தளவில் பொருந்துவது. எண்ணின் அலகும் எல்லையும் எடுகோளும் பொருந்துவதே பொருளளவில் பொருந்துவது.

இப்பாடத்தைக் கற்ற பொறியாளர்கள் செய்தவற்றுள் இரண்டை மட்டும் கூறுகிறேன். கார் முதலிய இயந்திரங்களை வடிவமைக்கையில் இஞ்சினுக்கு ஒரு மென்பொருள், நிறுத்துவிசைக்கு ஒரு மென்பொருள் என்று பல நிறுவனங்களின் கருவிகள் பயன்படுகின்றன. அவற்றை ஒருங்கே ஓட்டிப் பார்ப்பதற்காக 2010இல் எஃப்.எம்.ஐ. என்னும் பொது ஏற்பாட்டின் முதற்பதிப்பு வெளிவந்தது. 2022இல் மூன்றாம் பதிப்பு வந்தது. ஒவ்வொரு மாதிரியும் தன்னோடு ஒரு விவரக் கோப்பைச் சுமந்து வரும். மாறியின் பெயரோடு அதன் அலகு, சிறும அளவு, பெரும அளவு ஆகியவற்றையும் குறிக்க அதில் இடமுண்டு. துண்டுத்தாளில் '50க்கு 31' என்று எழுதுவதற்கு இடம் விட்டதுபோல எனலாம். இடம் இருந்தால் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, பிரான்சு நாட்டு அணுசக்தி ஆய்வு நிறுவனமும் இன்ரியா என்னும் கணிப்பொறி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஃபிராமா-சி என்னும் மென்பொருள். 'சி' மொழியில் எழுதிய நிரல்களை ஆராயும் பல கருவிகள் அதில் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. அவை யாவும் பொதுவான ஒரு குறிப்பு மொழியில் பேசுகின்றன. எல்லை கணிக்கும் கருவி, 'இவ்விடத்தில் இம்மாறி சுழியாகாது என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்' என்று நிரலின் ஓரத்தில் குறித்து வைக்கும். தேற்றம் நிறுவும் கருவி அக்குறிப்பை எடுத்துக்கொண்டு அது மெய்யா என்று ஆராயும். இறுதியில் ஒவ்வொரு குறிப்புக்கும் தீர்ப்பு உண்டு. சில 'சரி', சில 'இன்னது மெய்யானால் சரி', சில 'தெரியவில்லை'. இவற்றுள் நடுவிலுள்ள தீர்ப்பே எனக்கு மிகவும் பிடித்தது. 'இன்னது மெய்யானால்' என்னும் சொற்களைக் கருவி மறைப்பதில்லை. அடுத்தவர் கண்ணில் படும்படி எழுதி வைக்கிறது. ஒருவரின் எடுகோள் மற்றவரின் வினாவாகிறது. கருவிகளின் மெய்யான இணைப்பு என்று நான் கருதுவது இதனையே.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதோ என்று கேட்பீர்கள். தீரவில்லை. 2018 அக்டோபர் 29ஆம் நாள் இந்தோனேசியாவின் ஜாவாக் கடலில் ஒரு போயிங் 737 மேக்ஸ் விமானம் வீழ்ந்தது. 189 பேர் மாண்டனர். 2019 மார்ச் 10ஆம் நாள் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் வீழ்ந்தது. 157 பேர் மாண்டனர். விமானத்தின் மூக்கைத் தானாகவே தாழ்த்தும் எம்.காஸ் என்னும் மென்பொருள் செயல், ஒரே ஓர் உணர்கருவியின் தவறான அளவை நம்பி மீண்டும் மீண்டும் தாழ்த்தியது. அச்செயலின் ஆபத்தை முதலில் மதிப்பிட்டபோது, அது வால்சிறகை ஒரு முறைக்கு 0.6 பாகையே அசைக்கும் என்று கொண்டனர். பின்னர் வடிவமைப்பு மாறி அது 2.5 பாகையாயிற்று. மாறிய எண் எல்லா ஆய்வுத் தாள்களுக்கும் சென்று சேரவில்லை. பல நாட்டு விமானத்துறை அதிகாரிகள் அடங்கிய குழு 2019 அக்டோபரில் தந்த அறிக்கையில், இச்செயல் முழுமையான, ஒருங்கிணைந்த ஒன்றாகச் சான்றிதழ் ஆவணங்களில் மதிப்பிடப்படவில்லை என்று கண்டது. தனித்தனித் தாள்கள் இருந்தன. தாள்களுக்கிடையே பாலம் இல்லை. அந்த 346 பேரும் விமானமேறியபோது, யாரோ எல்லாத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் படித்திருப்பார் என்றே நம்பினர். நாமும் ரயிலேறும்போதும் விமானமேறும்போதும் அப்படியே நம்புகிறோம்.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். கையில் இன்றுள்ளவற்றைக் காட்டிலும் கூர்மையான கருவிகள் இருக்கும். கருவி 'சரி' என்று சொன்னதும் மகிழ்ந்து எழுந்துவிடாதீர்கள். 'எதனை மெய்யென்று கொண்டு சரி என்கிறாய்?' என்று அதனைக் கேளுங்கள். அவ்வெடுகோளைக் காக்கவேண்டியவர் யார் என்று தேடுங்கள். அவர் அடுத்த அறையில் இருக்கலாம். அடுத்த நாட்டிலும் இருக்கலாம். அவரிடம் நடந்து செல்ல வெட்கப்படாதீர்கள். நான் ஒரே ஒரு முறை அடுத்த அறைக்கு நடந்திருந்தால் அடுத்த ஊருக்குப் பலமுறை நடந்திருக்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் நான் தலைமையாசிரியனானபோது ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். மொத்த மதிப்பெண் இத்தனை என்று குறியாத எந்தத் தாளிலும் கையெழுத்திட மாட்டேன். 'இது தெரிந்த செய்திதானே ஐயா!' என்று இளம் ஆசிரியர்கள் சில சமயம் முணுமுணுப்பார்கள். தெரிந்த செய்தி என்று இருவரும் எண்ணியதால்தான், இருவரும் எழுதாமல் விட்டோம் என்று அவர்களுக்குச் சொல்வேன். தறிக்கூடத்து வாசலில் பஞ்சுத் தூசு படிந்த முகத்தோடு நின்று, 'சார், நான் பாஸா?' என்று அந்தப் பையன் கேட்ட குரல் இன்னும் என் செவியில் இருக்கிறது.